‘நான்தான் செய்தேன்’ என்று சொல்ல முடிகிற அலுவலகம்

எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கூட்ட அறையில் பல ஆண்டுகளாக எட்டு நாற்காலிகள்தான் இருந்தன. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நாங்கள் பதினொரு பேர் கூடுவோம். நிரந்தரப் பணியில் இருக்கும் எட்டுப் பேர் உட்காருவோம். தொகுப்பூதியத்தில் பணிபுரியும் மூன்று பேர் கையில் குறிப்பேட்டோடு சன்னலை ஒட்டி நிற்பார்கள். அவர்களை நிற்கச் சொல்லி யாரும் ஆணையிட்டதில்லை. எப்போதோ ஒருவர் நின்றிருக்கிறார், பிறகு வந்தவர்களும் நின்றார்கள். ஆனால் தேர்வு முடிவு வெளியாகும் இரவில் சர்வரில் கை வைத்து வேலை செய்கிறவர்கள், விடுதியில் வைஃபை போனால் மாடியேறி, இணைய இணைப்பைப் பிரித்துத் தரும் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள், யு.பி.எஸ். பேட்டரி சூடாவதை முதலில் கவனிக்கிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று பேர்தான். மையத்துக்கு எந்தச் செய்தி மிக அவசியமோ அதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருப்பவர் கேட்டாலன்றிப் பேசமாட்டார்.

இந்த மையத்தின் பொறுப்பு என்னிடம் வந்தபின், மற்ற கல்லூரிகளில் இதே பணியில் இருக்கும் நண்பர்கள் சிலர், பணியிடச் சூழலை நல்லவிதமாக மாற்ற என்னென்ன செய்கிறீர்கள் என்று அவ்வப்போது கேட்கிறார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது, ஆண்டுக்கொருமுறை ஏற்காடு போய்வருவது, ‘இம்மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று பலகையில் படம் ஒட்டுவது போன்றவற்றைப் பட்டியலிட்டு, இவற்றில் எது பலன் தருகிறது என்று கேட்பார்கள். இவை எதையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஏற்காட்டுக்கு நாங்களும் போனோம், மகிழ்ச்சியாகத்தான் திரும்பினோம். ஆனால் ஒரு தொழில்நுட்பத் துறையின் பண்பாடு எப்படிப்பட்டது என்பதை அறிய நான் பார்க்கும் இடம் வேறு. ஒருவர் தவறான கட்டளையைத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்து, அது தவறு என்று உணர்ந்தபின் வரும் முதல் பத்து நிமிடங்களில் என்ன செய்கிறார் என்பதில்தான் அது தெரிகிறது. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஏப்ரல் மாதத்தில், இணைப்புக் கல்லூரிகள் எல்லாம் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் போர்ட்டலில் பதிவேற்றிக்கொண்டிருந்த வாரம் அது. ஒரு கல்லூரியில் ஒரே ஒரு மாணவருக்குத் தாள் குறியீடு தவறாகப் பதிவாகியிருந்தது. அதைத் திருத்தித் தரும்படி தேர்வுப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. தரவுத்தளப் பணியில் இருந்த தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆனவர், அந்தத் திருத்தத்தைச் செய்ய, பதிவான வரிகளை மாற்றும் அப்டேட் கட்டளையை எழுதினார். பதிவு எண்ணைக் குறிப்பிடும் நிபந்தனைப் பகுதி விடுபட்டுப்போனது. ஒரு வரி மாற வேண்டிய இடத்தில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வரிகள் மாறிவிட்டதாகத் திரை காட்டியது. அப்போது மணி மாலை 3.50.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு எல்லோரும் கிளம்பியபின், முந்தைய இரவின் பேக்கப்பை, அதாவது தரவின் காப்பு நகலை, ஒரு சோதனை இயந்திரத்தில் ஏற்றி, அதிலிருந்து பழைய குறியீடுகளை எடுத்து ஒவ்வொரு கல்லூரியாக ஒட்ட முயன்றிருக்கிறார். அன்று பகல் முழுவதும் பதிவான மதிப்பெண்கள் அந்தப் பேக்கப்பில் இல்லை. இதற்கிடையில், இரவில் வீட்டிலிருந்து மதிப்பெண் பதிவு செய்த கல்லூரி ஆசிரியர்கள், தாள் குறியீடு மாறியிருப்பதைப் பார்த்து, தாங்கள்தான் தவறிவிட்டோம் என்று எண்ணித் தாங்களே திருத்தத் தொடங்கிவிட்டார்கள். விடியும்போது தரவுத்தளத்தில் நான்கு வகை வரிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன: முதலிலிருந்தே சரியாக இருந்தவை, கட்டளையால் கெட்டவை, அவர் சீர்செய்தவை, ஆசிரியர்கள் தம் போக்கில் திருத்தியவை. எது எந்த வகை என்று பிரிக்க வழியில்லை.

நான்கு மணிக்கு அவர் என் அறைக்கு வந்திருந்தால், போர்ட்டலை உடனே மூடியிருப்போம். முந்தைய இரவின் பேக்கப்பும், நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளமே வரிசையாக எழுதிவைக்கும் பைனரி லாகும் கையில் இருந்ததால், அந்தக் கட்டளைக்கு முந்தைய நொடி வரை எல்லாவற்றையும் மீட்டிருக்க முடியும். இரண்டு மணி நேர வேலை. ஆனால் அது மூன்று நாள் ஆனது. கல்லூரிகளிலிருந்து கையொப்பமிட்ட தாள் பட்டியல்களை வரவழைத்து, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் இரவு, வேலை முடிந்தபின், அவரை அழைத்து, ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “ஸ்விட்ச் விஷயத்துல அந்த அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார்” என்றார்.

ஸ்விட்ச் விஷயம் நடந்தபோது அவர் இங்கே சேரவே இல்லை. அது மதிப்பெண் விஷயத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. நெட்வொர்க் பிரிவில் இருந்த ஒருவர் மைய ஸ்விட்சில் ஓர் அமைப்பை மாற்றும்போது ஒரு எண்ணைத் தவறாகத் தட்டியதால், நிர்வாகக் கட்டடத்துக்கு அரை நாள் இணையம் இல்லாமல் போயிற்று. அவர் தாமாகவே வந்து, தவறு தன்னுடையது என்று சொன்னார். அதற்குப் பரிசாக நடைவழியில் எல்லோர் முன்னிலையிலும் வசவு வாங்கினார்; விளக்கம் கேட்டு மெமோ வந்தது; மூன்று நாள் ஊதியம் பிடிக்கப்பட்டது. அந்த நடைவழியில் நானும் ஒரு கோப்போடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் இடத்தில் இருந்த அதிகாரி நான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த மௌனத்தை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் சொல்லி வைத்தார்கள். மதிப்பெண்களை மீட்க நாங்கள் செலவிட்ட மூன்று நாளில் அந்த மௌனத்துக்கும் பங்கு உண்டு என்பதை அந்த இரவில்தான் உணர்ந்தேன்.

அதன்பின் இது குறித்துத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தவர். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தரவுகளைப் பார்த்தபோது, நல்ல குழுக்களில்தான் பிழை எண்ணிக்கை அதிகமாகத் தெரிந்தது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை. நேர்ந்த தவறுகளை மறைக்காமல் பேசின என்பதுதான் அவர் கண்ட விளக்கம். 1999-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இதற்கு ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற பெயர் பரவலாயிற்று: கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ குழுவுக்குள் தனக்குத் தலைகுனிவு வராது என்று குழுவில் உள்ளவர்கள் எல்லோரும் நம்புவது. இதைப் படித்தபின் எங்கள் மையத்தின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஸ்விட்ச் விஷயத்துக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் ‘ஊழியர் பிழை’ என்ற தலைப்பின்கீழ் ஒரு பதிவுகூட இல்லை. அதைப் பார்த்து முன்பு நான் பெருமைப்பட்டது உண்டு.

பிற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரிய சறுக்கல்களை எப்படிக் கையாண்டன என்பதையும் படித்தேன். அவற்றில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததை எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் விரிவாகவே சொன்னேன். 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு, சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. காரணம் ஒரு சின்னஞ்சிறு ஸ்கிரிப்ட், அதாவது கணினி வரிசையாக நிறைவேற்றும் கட்டளைகளின் கோப்பு. கணினியின் இயக்கத்தைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளில் பத்து நாட்களுக்கு மேற்பட்டவற்றை அழிப்பது மட்டுமே அதன் வேலை. கணினியை வழங்கிப் பராமரித்த நிறுவனத்தார், படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் அதை மாற்றி எழுதினார்கள். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன்மேல் வைத்துவிட்டார்கள். ஸ்கிரிப்டை இயக்கும் ஷெல் என்ற நிரல், அதைச் சிறிது சிறிதாகப் படித்துக்கொண்டே இயங்கும் தன்மை உடையது. ஆகவே பாதி வழியில் புதிய கோப்பைப் படிக்கத் தொடங்கியது. அழிக்க வேண்டிய இடத்தைக் குறிக்கப் புதிய கோப்பில் பெயரிடப்பட்டிருந்த மாறிகளுக்கு, அப்படிப் பாதியில் தொடங்கியதால், மதிப்பு எதுவும் இல்லை. லாக் இருந்த இடத்தை அழிக்க வேண்டிய கட்டளை, ஆய்வாளர்களின் கோப்புகள் இருந்த இடத்தை அழித்தது. நிறுவனம் பொறுப்பு முழுவதும் தன்னுடையதே என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது; பல்கலைக்கழகம் நிகழ்ந்ததை ஒளிக்காமல் தன் இணையதளத்தில் வெளியிட்டது.

இதை நான் சொல்லி முடித்தபோது அறையில் அமைதி. அதற்குள் மூன்று நாற்காலிகள் வாங்கியிருந்தோம். சன்னலோரம் நின்றவர்கள் இப்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், எப்போதும் வாய் திறக்காதவர், மெதுவாகச் சொன்னார்: “நம்ம பேக்கப் க்ளீன் பண்ற ஸ்கிரிப்டையும் அப்படித்தான் சார் ஓடும்போதே திருத்துறோம். நானே போன மாசம் செஞ்சேன்.” அன்று மாலையே அதைச் சரிசெய்தோம். கியோட்டோ அவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருக்காவிட்டால் எங்களுக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும், அந்த இளைஞர் நின்றுகொண்டிருந்த காலமாக இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் அனுபவமும் எங்களுக்கு உதவியது. 2018-இன் இறுதியில் அதன் நிர்வாகக் கணினிகளுக்குள் ஊடுருவியவர்களை அடுத்த ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். 2019 ஜூன் மாதம் அதைப் பொதுவெளியில் அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், நடந்ததை நாள்வாரியாக விவரிக்கும் அறிக்கை ஒன்றை யாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அப்போது துணைவேந்தராக இருந்தவர், 2011-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரையன் ஷ்மிட். தாக்குதலின் முதல் படி ஒரு மூத்த ஊழியரின் முகவரிக்கு வந்த மின்னஞ்சல் என்பதையும், அதிலுள்ள எதையும் சொடுக்கத் தேவையே இல்லாமல், முன்னோட்டத்தில் பார்த்ததே போதுமானதாக இருந்தது என்பதையும் அறிக்கை விளக்கியது. அந்த ஊழியர் யார் என்று அது சொல்லவில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 2019 டிசம்பர் 23 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாகி, 267 சர்வர்கள் பூட்டப்பட்டு, 30 பிட்காயின் கொடுத்து மீண்டது. ஆறே வாரத்தில், 2020 பிப்ரவரி 5 அன்று, பிற கல்வி நிறுவனங்களும் அறியும்படி கருத்தரங்கு நடத்தித் தன் குறைகளை எடுத்துவைத்தது. பணம் கொடுத்தது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால், தலைமை இப்படி வெளிப்படையாகப் பேசுவதைக் கேட்கும் ஒரு உதவித் தொழில்நுட்பர், நாளை தன் தவறைச் சொல்லும்போது சற்றுக் குறைவாகவே நடுங்குவார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி, எங்கள் மையத்தில் நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில், ஒவ்வொரு சறுக்கலுக்குப் பிறகும் ‘நடந்தது என்ன’ என்ற தலைப்பில் ஒரு குறிப்பு எழுதுவது என்று முடிவு செய்தோம். அதில் பெயர் இருக்காது. ‘தரவுத்தளப் பணியாளர்’, ‘நெட்வொர்க் பணியாளர்’ என்றுதான் இருக்கும். யார் செய்தார் என்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு எது சரியாகத் தெரிந்தது, ஏன் அப்படித் தெரிந்தது என்பதை எழுத வேண்டும். தொடக்கத்தில் வந்த குறிப்புகள் என்னைச் சோர்வடையச் செய்தன. அலுவலக வழக்கப்படி எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ‘டெக்னிக்கல் இஷ்யூ காரணமாகச் சேவை தடைபட்டது, பின்னர் சரிசெய்யப்பட்டது’ என்ற பொருளில் இரண்டே வரி. தடைப்படுத்தியவரும் இல்லை, சரிசெய்தவரும் இல்லை. எல்லாம் தானாக நிகழ்ந்து தானாகச் சரியானதுபோல. கோப்புகளில் நாம் பழகிய ஆங்கிலம், எதையும் சொல்லாமல் இருப்பதற்கென்றே பழகிய ஆங்கிலம்.

ஒருநாள் நெட்வொர்க் பிரிவுத் தம்பியிடம், நேற்று இரவு டீக்கடையில் என்னிடம் சொன்னாயே, அதை அப்படியே தமிழில் எழுதிக் கொடு என்றேன். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். மழைக்கு முன் வந்த மின்னலில் எந்தக் கட்டடத்தில் முதலில் விளக்கு அணைந்தது, யு.பி.எஸ். அறையின் சாவி யாரிடம் இருந்தது, அதைத் தேட எவ்வளவு நேரம் ஆனது, காவலர் என்ன சொன்னார், எல்லாம் அதில் இருந்தது. அன்றிலிருந்து குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறோம். சர்வர், ஸ்விட்ச், பேக்கப் போன்ற சொற்களை வழக்கில் உள்ளபடியே வைத்துக்கொள்கிறோம்.

தாள் குறியீட்டு விஷயத்தைப் பற்றி அந்தத் தரவுத்தளத் தம்பியையும் பின்னர் தமிழில் மறுபடி எழுதச் சொன்னேன். அதில் ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றியது. அவருடைய மேசையில் இரண்டு திரைகள் இருந்திருக்கின்றன. ஒன்று சோதனைத் தரவுத்தளம், மற்றொன்று உண்மையானது. இரண்டும் ஒரே கறுப்புப் பின்னணி, ஒரே எழுத்து. கட்டளையைச் சோதனைத் திரையில் முதலில் முயன்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு உண்மையான திரையில் தட்டியிருக்கிறார். நாங்கள் அதுவரை அவர் கவனக்குறைவாக இருந்தார் என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அவர் கவனமாகச் சோதிக்கத்தான் முயன்றிருக்கிறார்! மறுநாளே உண்மையான தரவுத்தளத்தோடு இணையும் எல்லாத் திரைகளுக்கும் சிவப்புப் பின்னணி வைத்தோம். நிபந்தனை இல்லாத அப்டேட்டைத் தரவுத்தளமே மறுக்கும்படி ஓர் அமைப்பு உண்டு, அதைச் செயல்படுத்தினோம். மதிப்பெண் அட்டவணையில் நேரடியாகத் திருத்துவதென்றால் இருவர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் தட்ட மற்றவர் பார்க்க வேண்டும் என்றும், மாறிய வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே மாற்றத்தை உறுதி செய்ய வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். இவ்வளவுக்கும் செலவு எதுவும் ஆகவில்லை.

மெமோ விஷயம் இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் எதற்கும் ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் கோப்பு நகராது. தொழில்நுட்பத் தவறு நேர்ந்தால், தனிநபருக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பும் முன், மையத்திடமிருந்து உண்மைக் குறிப்பு ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்று பதிவாளருக்கு எழுதினேன். அது ஒப்புதலாகி வர ஐந்து மாதம் ஆனது. அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. மதிப்பெண் என்பது ஒரு மாணவரின் வாழ்க்கை. காசு வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை மாற்றுகிறவனும், கை தவறித் தட்டியவனும் ஒன்றாகிவிடக் கூடாதல்லவா? ஆகவே எல்லையைத் தெளிவாக எழுதினோம். கடவுச்சொல்லை மற்றவருக்குக் கொடுப்பது, லாகை அழிப்பது, ஆதாயத்துக்காகத் தரவைத் தொடுவது, தெரிந்தே மறைப்பது ஆகியவை ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை, அவற்றில் இரக்கத்துக்கு இடமில்லை. இவை தவிர்த்த பிழை எதுவாயினும், தாமாக வந்து சொன்னவருக்கு மெமோ இல்லை. கண்டிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு என் பதில், கண்டிப்பு இப்போதுதான் சரியான இடத்தில் விழுகிறது என்பதே.

தேர்வு முடிவு இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மையத்தின் இயல்பு அங்கேதான் வெளிப்படும். முடிவு வெளியான முதல் சில நிமிடங்களில் மாணவர்கள், பெற்றோர்கள், கணினி நிலையக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறப்பார்கள், சர்வர் திணறும். அதே நேரத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்தும், துறைத் தலைவர்களிடமிருந்தும், சில சமயம் செய்தியாளர்களிடமிருந்தும் அழைப்புகள் குவியும். முன்பெல்லாம் அந்த அழைப்புகள் விசைப்பலகையில் வேலை செய்துகொண்டிருப்பவருக்கே போகும். ஒரு காதில் கைபேசியை இடுக்கிக்கொண்டு, “பார்த்துக்கிட்டிருக்கேன் மேடம்” என்று சொல்லியபடியே கட்டளை தட்டுவார்கள். பெரிய தவறுகள் பிறப்பதற்கு இதைவிட ஏற்ற நிலை இருக்க முடியாது. இப்போது அந்த இரவில் எல்லா அழைப்புகளும் எனக்குத்தான். விசைப்பலகையில் இருப்பவர் கைபேசியை எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று எழுதிக்கொண்டிருப்பார். யார் கோபப்பட்டாலும் அந்தக் கோபம் என் அறையோடு நின்றுவிட வேண்டும். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இரவு ஒன்பது மணிக்குமேல் பெண் ஊழியர்கள் தங்க நேர்ந்தால், வீட்டு வாசல் வரை பல்கலைக்கழக வாகனம் போகும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு ஈடுசெய் விடுப்பு விதிகளில் இல்லை. ஆகவே இரவுப் பணி செய்தவர் மறுநாள் பிற்பகல் வரலாம் என்று பணி அட்டவணையையே அப்படி அமைத்திருக்கிறோம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கும் பயிற்சி நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் இரவு நேரக் களைப்பில் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்தபோது, அவர்கள் வைத்திருந்த ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றும் நம்பகமாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஊழியருக்குப் பெயர் இல்லை, ‘குழு உறுப்பினர் 1’ என்றே இருக்கிறது. எங்கள் முதல் பயிற்சியிலும் மீட்பு தோற்றது. வட்டு நிரம்பியிருந்ததால் மூன்று வாரமாகப் பேக்கப் கோப்பு பாதியிலேயே நின்றுபோயிருந்தது. காலையில் ‘முடிந்தது’ என்ற மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த பெண், பேக்கப்பைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவரும் அவரேதான். கண்டதை அறையில் எல்லோர் முன்பும் சொன்னார். அன்று யாரும் அவரிடம் மூன்று வாரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கவில்லை. வட்டு நிரம்பினால் எச்சரிக்கை எப்படி வர வேண்டும் என்றுதான் பேசினார்கள். பொறுப்பை ஏற்றதிலிருந்து நான் மிக நிறைவாக உணர்ந்த பிற்பகல் அது.

இவற்றால் தீராத ஒன்றும் உண்டு, அதை மறைத்தால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். போகத்தான் வேண்டும், இங்கே கிடைப்பதைப்போல் இரு மடங்கு அங்கே கிடைக்கிறது. மரியாதையான சூழல் ஊதியத்துக்கு ஈடாகாது. ஈடாகும் என்று சொல்லி அவர்களைப் பிடித்துவைப்பது அநியாயம். ஊதிய உயர்வு கேட்டு நான் வைத்த கோப்பு இன்னும் நிதிப் பிரிவில் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்டு வருகிறேன். என் கையில் உள்ளது அனுபவச் சான்றிதழ் மட்டுமே. ‘திருப்திகரமாகப் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், அவர் எந்தெந்த அமைப்புகளைக் கட்டினார், எந்த இரவில் எதை மீட்டார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன்.

தாள் குறியீட்டைத் தவறவிட்ட தம்பியும் சென்ற ஆண்டு போய்விட்டார். போவதற்கு முன், அவர் எழுதிய அந்தத் தமிழ்க் குறிப்பைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கொடுங்கள் என்றவர், ஒரு நாள் வாங்கிப்போய்த் தாமே ஒரு பத்தி சேர்த்துக் கொண்டுவந்தார்: 3.50-லிருந்து மறுநாள் காலை வரை, சொல்லாமல் இருந்த பதினாறு மணி நேரமும் தனக்கு எப்படி இருந்தது, எத்தனை முறை என் அறை வாசல் வரை வந்து திரும்பினார் என்று. வரும் திங்கட்கிழமை இரண்டு பேர் புதிதாகச் சேருகிறார்கள். இரண்டு படிகள் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன், மேலும் இரண்டு நாற்காலிகளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.